மனிசாலெஸ்: கயிற்றில் தொங்கிப்போன காப்பி

கொலம்பியாவின் மனிசாலெஸுக்கு விமானச் சீட்டு எடுக்குமுன் ஒரு விஷயம். ஊரின் விமான நிலையமான லா நுபியா மலை மேல் இருக்கிறது. மூடுபனி இறங்கினாலும் சரி, பக்கத்து எரிமலையான நெவாடோ டெல் ரூயிஸ் சாம்பலைக் கக்கினாலும் சரி, விமானங்கள் நின்றுவிடும். பெரெய்ரா வரை பறந்து, அங்கிருந்து பஸ் பிடிப்பதுதான் நிம்மதி. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். ஜன்னலோர இருக்கை கிடைத்தால் வழியெல்லாம் காப்பித் தோட்டம் பார்க்கலாம்.

1849இல், சுமார் 2,150 மீட்டர் உயரத்தில், மலை முகட்டை ஒட்டி எழுந்த ஊர் இது. சுற்றுச் சரிவுகளில் காப்பி செழித்தது. வெளியே கொண்டுபோகத்தான் வழியில்லை. மூட்டைகளைக் கோவேறு கழுதைகள், எருதுகள் முதுகில் ஏற்றி, கிழக்கே குளிர்மலையைத் தாண்டி மக்தலேனா ஆற்றுப் பக்கம் போய்ச்சேர நாள்கணக்கில் ஆகும். ஆற்றுப் பள்ளத்தாக்கில் ரயில் ஓட்டிவந்த பிரிட்டிஷ் கம்பெனி ஒன்று, இந்தச் செங்குத்தில் தண்டவாளம் வேண்டாமென்று இரும்புக் கயிற்றையே நீட்டிவிட்டது. மரிகிட்டாவிலிருந்து மனிசாலெஸ் வரையான அந்தக் கயிற்றுப்பாதை 1922இல் முடிந்தது. நீளம் சுமார் 72 கிலோமீட்டர், கோபுரங்கள் 376.

அவற்றில் 375 இரும்பு. ஒன்று மட்டும் மரம். அதற்கான இரும்பை ஏற்றிவந்த கப்பலை முதல் உலகப்போரில் ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்துவிட்டதாம். உள்ளூர்க் காட்டு மரத்தாலேயே கட்டி முடித்தார்கள் என்பது அங்கே சொல்லும் கதை. எர்வெயோ மலையில் நின்ற அந்தக் கோபுரத்தை 1984இல் பெயர்த்துவந்து நகருக்குள் நிறுத்தினார்கள். ‘எல் காப்லே’ என்று சொன்னால் டாக்சிக்காரர் நேரே அதனடியில் இறக்கிவிடுவார். கிட்டப் போய், குறுக்கும் நெடுக்குமாக முட்டுக்கொடுத்த உத்திரங்களை அண்ணாந்து பாருங்கள். பக்கத்திலுள்ள பழைய கயிற்றுப்பாதை நிலையத்தில் இப்போது கட்டடக்கலை மாணவர்கள் படிக்கிறார்கள்.

ரயில் வந்தது மேற்கிலிருந்து. 1914இல் பனாமா கால்வாய் திறந்தபின் பசிபிக் கரையின் புவெனவென்துரா துறைமுகத்துக்கு மவுசு கூடியது. கால்தாஸ் ரயில்பாதை பெரெய்ரா வழியாக மெல்ல மெல்ல ஏறி, 1927இல் மனிசாலெஸைத் தொட்டது. இன்று தண்டவாளம் இல்லை. ஆனால் அலங்கார வளைவுகளோடு நிலையக் கட்டடம் அப்படியே இருக்கிறது. அதுவும் ஒரு பல்கலைக்கழகமாகிவிட்டது.

1925, 1926 தீவிபத்துகளில் நகரின் நடுப்பகுதி கருகியது. பிறகு கான்கிரீட்டில் எழுப்பிய கதீட்ரலின் கோபுரம் 100 மீட்டருக்கும் மேல். மூட்டுவலி இல்லாதவர்கள் ஏறலாம்.

காப்பிச்செடியைத் தேடி நகருக்குள் அலையாதீர்கள். இந்தக் குளிர் அதற்கு ஒத்துவராது. சின்சினா பக்கம் கீழே இறங்குங்கள். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை போனால் அறுவடையைப் பார்க்கலாம்: இடுப்பில் கூடையைக் கட்டிக்கொண்டு, சரிவில் காலை ஊன்றி, பழுத்ததை மட்டும் திருகிப் பறிப்பார்கள். அக்டோபர், நவம்பரில் மழையும் கொட்டும், குடை அவசியம். தோட்டத்திலேயே ஒரு கோப்பை கேட்டுக் குடித்துவிடுங்கள். நல்ல கொட்டையெல்லாம் கப்பலேறிவிட, தெருவில் ‘டின்டோ’ என்று விற்கும் கடுங்காப்பி பெரும்பாலும் தண்ணியாகத்தான் இருக்கும்.

திரும்பும்போது பஸ் நிலையத்திலிருந்தே புதிய கயிற்றுவண்டியில் ஏறி நகர மையத்துக்குப் போகலாம். 2009 முதல் ஓடுகிறது. சாயங்காலம் கூட்டம் நெரியும். பெட்டிபடுக்கையோடு வருபவர்கள் அந்த நேரத்தைத் தவிர்ப்பது நல்லது.