சாவியைக் கடைசியாகத் திருப்புங்கள்: நின்றுபோன அம்பாசிடரை எழுப்பும் வரிசை

ஓசூர், ராயக்கோட்டை, சூளகிரி பக்கம் ஏதாவது ஒரு ஷெட்டில் தார்ப்பாய் மூடின அம்பாசிடர் உங்களுக்காகக் காத்திருக்கலாம். தாத்தா ஓட்டின வண்டியா இருக்கலாம், பெங்களூரில் யாரோ குறைஞ்ச விலைக்குத் தள்ளிவிட்டதா இருக்கலாம். பத்து வருஷம் நின்ன வண்டி கைக்கு வந்ததும் எல்லாருக்கும் வர்ற முதல் ஆசை ஒன்றுதான்: புது பேட்டரி மாட்டி, சாவியைத் திருப்பிப் பார்ப்போம்!

தயவுசெய்து வேண்டாம். சிலிண்டரில் ஒட்டிக்கிட்டிருக்கும் பிஸ்டன் ரிங் உடையலாம். எலி கடிச்ச வயர் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். எல்லாவற்றையும் விட மோசம், எஞ்சின் ஓடி, வண்டி நகர்ந்து, பிரேக் பிடிக்காமல் போகலாம். பழைய காரை மீட்பதில் பாதி வேலை, எதை முதலில் செய்வது என்ற வரிசைதான்.

எடுத்துக்காட்டுக்கு அம்பாசிடரையே எடுத்துக்குவோம். மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3 என்ற பிரிட்டிஷ் காரை அடிப்படையா வெச்சு, மேற்கு வங்கம் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் கடைசியிலிருந்து 2014 வரை தயாரிச்ச வண்டி. நீண்ட காலம் அதில் இருந்தது 1489 சிசி பெட்ரோல் எஞ்சின். உள்ளே கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. நாம ரெண்டாம் வருஷம் படிச்சதை வெச்சே முழு வண்டியையும் புரிஞ்சுக்கலாம்.

முதலில் பேப்பர்

ஸ்பானர் எடுக்கும் முன்னாடி ஆர்.சி.யை எடுங்க. சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் இரண்டும் வண்டியில் இருப்பதோடு பொருந்தணும். எல்லையில் இருக்கோம், அதனால் கர்நாடக நம்பரோட வரும் கார்கள் நமக்குச் சகஜம். வேற மாநில வண்டியை 12 மாசத்துக்கு மேல் இங்கே வெச்சிருந்தால், பழைய ஆர்.டி.ஓ.விடம் தடையில்லாச் சான்று வாங்கி, டிஎன் 70 ஓசூர், டிஎன் 24 கிருஷ்ணகிரி மாதிரி நம்ம அலுவலகத்தில் புது எண் வாங்கணும்.

வண்டிக்கு 50 வயசு தாண்டியிருந்தால் இன்னொரு வழியும் உண்டு. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் பதிவு: புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். ஆனால் தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ முடியாது. சேசிஸ், பாடி, எஞ்சினை மாற்றியிருக்கவும் கூடாது. 'டீசல் எஞ்சின் போட்டுடலாமா' என்ற கேள்விக்கு இந்த இடத்திலேயே முடிவெடுங்க.

இரண்டாவது பிரேக்

பெரும்பாலான அம்பாசிடர்களில் நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், ஹைட்ராலிக். பழைய மாடல்களில் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து நாலு சக்கரத்துக்கும் ஒரே சர்க்யூட்தான். ஒரு வீல் சிலிண்டர் ரப்பர் கிழிஞ்சாலும் பெடல் மொத்தமா உள்ளே போயிடும்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 3 ஆயில் புதுசா இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த வரம்பு 140 டிகிரிக்கு வந்துவிடும். கொதிச்சால் குழாயில் ஆவி, ஆவி அமுங்கும், பிரேக் பிடிக்காது. அதே ஈரம் சிலிண்டர் உள்ளே துருவையும் உண்டாக்கும். ஆகவே எல்லாத்தையும் பிரிச்சு, ரப்பர்களையும் ஹோஸ்களையும் மாற்றி, புது ஆயில் ஊற்றி ஏர் எடுங்க. உள்சுவரில் குழி விழுந்த சிலிண்டரைத் தேய்த்துச் சமாளிக்க வேண்டாம். பெங்களூர் ஜேசி ரோட்டிலும் சென்னை புதுப்பேட்டையிலும் தேடினால் மாற்றுப் பாகம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டு எச்சரிக்கை. டிரம்மில் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீங்க, பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், ஈரத்துணியால் துடைங்க. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீங்க, ஸ்டாண்டு வைங்க.

ஸ்பானர் விஷயமும் இங்கேயே. இந்த வண்டி போல்ட்டுகள் பெரும்பாலும் இன்ச் அளவு. அரை இன்ச் என்பது 12.7 மி.மீ. அதில் 13 நம்பர் ஸ்பானர் போட்டால் துருப்பிடிச்ச போல்ட் தலை உருண்டுடும். ஒரு இன்ச் செட் வாங்கிடுங்க.

மூன்றாவது, எஞ்சினைக் கையால் சுற்றுங்க

நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு, இரண்டு நாள் ஊறவிடுங்க. அப்புறம் கிராங்க் ஹேண்டிலால் மெதுவாகச் சுற்றுங்க. சுற்றவில்லையென்றால் பலம் காட்டாதீங்க. மறுபடியும் ஆயில், மறுபடியும் காத்திருப்பு.

சுற்றினால், பழைய ஆயிலையும் பில்டரையும் மாற்றுங்க. டேங்கில் பழைய பெட்ரோல் பிசின் மாதிரி ஆகியிருக்கும், மொத்தமா இறக்கிடுங்க. இப்போ பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் கால ரப்பர் ஹோஸும் பம்ப் டயாப்ரமும் இதுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஊறி, வெடிப்பு விட்டு, சூடான மேனிஃபோல்டு மேல் ஒழுகினால் தீதான். எத்தனால் தாங்கும் ஹோஸ் போடுங்க.

ரேடியேட்டரையும் மறக்காதீங்க. நம்ம போர் தண்ணியை வருஷக்கணக்கா ஊற்றியிருந்தால் குழாய் உள்ளே உப்பு படிஞ்சிருக்கும். கழற்றி சுத்தம் செய்து, டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் ஊற்றுங்க.

நான்காவது எலெக்ட்ரிக்கல்

இந்த வண்டிகளில் நீங்க அடிக்கடி பார்க்கும் பெயர் லூகாஸ் டிவிஎஸ். சென்னை பாடியில் 1960களின் தொடக்கத்திலிருந்து ஆட்டோ எலெக்ட்ரிக்கல் செய்யும் கம்பெனி. பிரிட்டிஷ் வழக்கப்படி வயர் நிறத்துக்கு அர்த்தம் உண்டு: பிரவுன் நேரா பேட்டரி லைன், வெள்ளை இக்னிஷன், பச்சை ஃபியூஸ் வழியா வரும் இக்னிஷன் லைன், நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க் லைட், கறுப்பு எர்த். யாரோ இடையில் கிடைச்ச வயரை ஒட்டியிருந்தால் இந்தக் கணக்கு தப்பும், அதனால் மீட்டரில் சரிபாருங்க.

பேட்டரி மாட்டும் முன் பாடியோடு எந்த முனை இணைஞ்சிருக்குன்னு பாருங்க. அந்தக் கால பிரிட்டிஷ் டிசைன்களில் பாசிட்டிவ் எர்த் உண்டு. ஆல்டர்னேட்டர் மாற்றிய வண்டியில் முனை மாறினால் டயோடு ஒரு நொடியில் போயிடும்.

பேட்டரியை முதல் தடவை இணைக்கும்போது ஒரு சின்ன தந்திரம். பேட்டரிக்கும் வண்டிக்கும் நடுவில் சீரிஸாக ஒரு 12 வோல்ட், 21 வாட் இண்டிகேட்டர் பல்ப் போடுங்க. எங்கேயாவது ஷார்ட் இருந்தால் பல்ப் முழுசா எரியும்; 21-ஐ 12-ஆல் வகுத்தால் 1.75 ஆம்பியர், அதுக்கு மேல் கரண்ட் போக முடியாது, வயர் எரியாது. அந்தக் கால வயரிங்கில் பெரும்பாலும் இரண்டே ஃபியூஸ்தான், ஹெட்லைட் லைனுக்கு ஃபியூஸே இருக்காது. அதனால் இந்த பல்ப் உங்க காவல்காரன்.

பல்ப் அணைந்தே இருந்தால், அதை எடுத்துவிட்டு நேரா இணைச்சு, அடுத்த டெஸ்ட்: வோல்டேஜ் டிராப். கியரை நியூட்ரலில் வைங்க. காயிலுக்கு வரும் லைனைக் கழற்றி ஓரமா வைங்க, எஞ்சின் ஸ்டார்ட் ஆகக் கூடாது. மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் ஈயத் தூணில், இன்னொன்று அதன் மேல் இருக்கும் கிளாம்பில். நண்பர் செல்ஃப் அடிக்கும்போது ரீடிங் பாருங்க. ஒரு ஜாயின்ட்டில் 0.2 வோல்ட்டுக்கு மேல் வந்தால் அதுதான் குற்றவாளி.

ஏன் இவ்வளவு முக்கியம்? செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்குதுன்னு வைப்போம். ஜாயின்ட்டில் வெறும் 0.01 ஓம் துரு இருந்தால் 1.5 வோல்ட் அங்கேயே காலி. 225 வாட் அந்த இடத்தில் சூடாகும். 'பேட்டரி வீக்', 'செல்ஃப் போச்சு'ன்னு ஆயிரக்கணக்கில் செலவு வைக்கும் புகார், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தீரும் வேலையா இருக்கலாம்.

அதே மாதிரி எஞ்சின் எர்த். எஞ்சின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கு, ரப்பரில் கரண்ட் போகாது. பாடிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் பட்டை வயர் அறுந்தால், கரண்ட் சோக் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள்னு வழி தேடும். செல்ஃப் அடிச்சதும் சோக் கேபிள் சுட்டால் இதுதான் காரணம்.

ஹெட்லைட்டுக்கு 100 வாட் பல்ப் போடும் ஆசையும் வரும். இரண்டு பல்ப், 200 வாட், கிட்டத்தட்ட 17 ஆம்பியர். பழைய டைனமோ தருவதே 20-ஐ ஒட்டித்தான். 60/55 வாட் பல்பும் ரிலேயும் ஃபியூஸும் போடுங்க. சுவிட்ச் உருகாது, வெளிச்சமும் கூடும்.

இப்போ சாவி

பாயிண்ட் இடைவெளி 0.014 முதல் 0.016 இன்ச், பிளக் இடைவெளி 0.025 இன்ச், ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. முதலில் பிளக் இல்லாமல், ஆயில் பிரஷர் வரும் வரை செல்ஃப் அடிங்க. அப்படியே கம்ப்ரஷனும் அளந்துடுங்க. ஒரு சிலிண்டர் மட்டும் குறைவா இருந்தால் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளங்க: ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். பிறகு பிளக்கை மாட்டி, காயில் லைனைத் திரும்ப இணைச்சு, பக்கத்தில் தீயணைப்பான் வெச்சு, சாவியைத் திருப்புங்க.

ஓடிடுச்சா? நேரா ஹைவேக்குப் போகாதீங்க. டயர் பக்கச்சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 2312 என்றால் 2012-ன் 23-வது வாரம். ட்ரெட் எவ்வளவு இருந்தாலும் அந்த டயர் வேண்டாம். இன்சூரன்ஸ் போட்டபின், ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத சமதள ரோட்டில் சில நாள் ஓட்டுங்க. சூளகிரி வழியா கிருஷ்ணகிரி வரைக்கும் 50 கிலோமீட்டரில் ஏறக்குறைய 300 மீட்டருக்கு மேல் இறங்குறோம். இறங்கும்போது பிரேக்குக்குப் பரீட்சை, திரும்பி ஏறும்போது ரேடியேட்டருக்குப் பரீட்சை. பக்கத்தில் லாரிகள். அங்கே போய்த்தான் பிரேக் வேலை செய்யுதான்னு தெரிஞ்சுக்கணும்னு இல்லை.

'எலெக்ட்ரிக் வண்டி காலத்தில் இதெல்லாம் எதுக்கு'ன்னு கேட்கலாம். நம்ம மாவட்டத்திலேயே ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ஆலைகள் இருக்கு. அங்கேயும் பேட்டரி கனெக்டர் ஜாயின்ட்டில் ரெசிஸ்டன்ஸ் ஏறினால் இதே சூடு, இதே ஃபார்முலா. லேப்பில் 0.01 ஓம் என்பது மீட்டரில் தெரியாத எண். அம்பாசிடரில் அது கை சுடும். உங்க வீட்டு ஷெட்டில் வண்டி இருந்தால், இந்த வாரம் பேட்டரிக்குப் பதில் ஒரு மல்டிமீட்டரும் ஒரு 21 வாட் பல்பும் வாங்குங்க. மெக்கானிக்கல், ஈஈஈ இரண்டு பக்கமும் ஒரு நண்பரைக் கூப்பிட்டுக்குங்க. முதல் வேலை பிரேக்.