கோட்டையிலிருந்து மலைக்குப் போன சொற்கள்

பெரிய ஆங்கில அகராதி ஒன்றில் ‘ஸ்கார்ப்’ என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். இரண்டு பொருள்கள் தரப்பட்டிருக்கும். ஒன்று, நிலம் செங்குத்தாக இறங்கும் பாறைமுகம். மற்றொன்று, கோட்டை அகழியின் உட்புறச் சுவர். ‘டேலஸ்’ என்ற சொல்லும் அப்படித்தான். செங்குத்துப் பாறையின் அடியில் குவிந்து கிடக்கும் கற்சரிவுக்கும் அதுவே பெயர். கோட்டை மதிலின் சாய்ந்த முகத்துக்கும் அதுவே பெயர். மலையை ஆராய்பவரும் கோட்டை கட்டுபவரும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவானேன்?

கல்லூரியில் புதிதாக வந்து சேரும் மாணவர்கள் பலர் இத்தகைய சொற்களைக் கண்டு அஞ்சுகிறார்கள். பொருளை மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வு முடிந்ததும் மறந்து விடுகிறார்கள். ஒரு சொல் ஏன் பிறந்தது என்று கேட்டுப் பாருங்கள். அது எளிதில் மறக்காது. இச்சொற்களுக்குள் நீங்கள் படிக்கும் இயற்பியலே ஒளிந்திருக்கிறது.

மணற்குவியல் காட்டும் எல்லை

உலர்ந்த மணலைப் புனல் வழியாகத் தரையில் மெல்லக் கொட்டுங்கள். கூம்பு வடிவில் ஒரு குவியல் உண்டாகும். மேலும் கொட்டினால் குவியல் பெரிதாகுமே தவிர, அதன் பக்கச் சரிவு மேலும் செங்குத்தாகாது. மணல் சரிந்து சரிந்து பழைய சாய்வுக்கே வந்து விடும். உலர்ந்த மணலுக்கு இச்சாய்வு ஏறத்தாழ 30 முதல் 35 பாகை வரை இருக்கும். இதனை ஓய்வுக் கோணம் எனலாம். மணல் துகள்களைச் சரியாமல் நிறுத்தி வைப்பது உராய்வு. உராய்வு தாங்கக் கூடிய எல்லையே இக்கோணம்.

இந்த எல்லையைத் தாண்டி ஒரு சரிவு நிற்க வேண்டுமானால் உராய்வு மட்டும் போதாது. துகள்கள் ஒன்றோடொன்று பிணைந்திருக்க வேண்டும். பாறையில் இப்பிணைப்பு இயல்பாகவே உண்டு. ஆகவே பாறை செங்குத்தாக நிற்கிறது. தளர்ந்த மண்ணில் அது இல்லை. ஆகவே கோட்டை கட்டியோர் மண்மேட்டின் முகத்தில் கற்சுவர் எழுப்பி அதைச் செங்குத்தாக நிறுத்தினர்.

ஏறுபவன் படும் பாடு

செங்குத்தாக இருப்பதால் என்ன பயன்? 60 கிலோகிராம் நிறையுள்ள வீரன் ஒருவன் 10 மீட்டர் உயரம் ஏற வேண்டும் என்க. அவன் செய்ய வேண்டிய வேலை 60 × 9.8 × 10 = 5,880 ஜூல். சரிவு எப்படி இருந்தாலும் இதில் மாற்றமில்லை. ஆனால் 30 பாகைச் சரிவில் அவன் 20 மீட்டர் தூரம் நடந்து ஏறுகிறான். சரிவின் வழியே தேவைப்படும் விசை 294 நியூட்டன்தான். செங்குத்துச் சுவரிலோ 588 நியூட்டன், அதாவது தன் முழு எடையையும் அவன் தூக்கியாக வேண்டும். அதோடு, காலுக்குப் பிடிப்புத் தருவதும் உராய்வே. சரிவு மிகுந்தால் கால் வழுக்கும். கைகளாலும் பற்றி ஏற வேண்டும். பற்றி ஏறும் கையில் ஆயுதம் ஏந்த முடியுமா? அரணின் நோக்கமே அதுதான்.

இத்தாலி தந்த சொல்

பதினைந்தாம் நூற்றாண்டில் பெரிய பீரங்கிகள் ஐரோப்பியக் கோட்டைகளுக்கு ஒரு புதிய இடரைக் கொண்டு வந்தன. உயர்ந்த மதில் குண்டுபட்டு இடிந்தது. இடிந்த கற்கள் அடியில் குவிந்தன. எந்தச் சாய்வில்? நம் மணற்குவியலைப் போலவே, ஏறக் கூடிய ஒரு சாய்வில்! மதிலே எதிரிக்குப் படிக்கட்டு ஆகி விட்டது. எனவே இத்தாலியப் பொறியாளர்கள் மதிலைத் தாழ்த்தி, அகழிக்குள் இறக்கி, பின்புறம் மண்ணைக் குவித்து, சுவருக்குச் சற்றே சாய்வும் கொடுத்தனர். அச்சாய்வான முகத்தை ‘ஸ்கார்ப்பா’ என்றனர். அச்சொல் ஆங்கிலத்தில் ‘ஸ்கார்ப்’ ஆயிற்று. அகழியின் எதிர்ப்பக்கச் சுவர் ‘கவுண்டர்ஸ்கார்ப்’.

பிற்காலத்தில் நிலவியலார், மேட்டுநிலத்தின் விளிம்பு கோட்டைமுகம் போல் நெடுந்தூரம் இறங்கி நிற்பதைக் கண்டு, அதனை ‘எஸ்கார்ப்மென்ட்’ என்றனர். வெயிலும் பனியும் மழையும் பாறையை உடைக்கின்றன. பீரங்கி சில நாட்களில் செய்ததை இயற்கை பல்லாயிரம் ஆண்டுகளில் செய்கிறது. உடைந்த கற்கள் அடியில் அதே போன்ற சாய்வில் குவிகின்றன. அதுவே டேலஸ்.

கழிவேலி போன்ற மலை

கூர்மையான மரக்கழிகளை நெருக்கமாக நட்டு அமைக்கும் வேலிக்குப் ‘பேலிசேட்’ என்று பெயர். நட்ட கழியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அது வந்தது. அமெரிக்காவில் ஹட்சன் ஆற்றின் மேற்குக் கரையில், நியூயார்க் நகருக்கு எதிரே, ‘பேலிசேட்ஸ்’ என்ற நெடிய பாறைவரிசை உண்டு. சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பாறைக்குழம்பு பூமிக்குள் மற்றப் பாறை அடுக்குகளின் இடையே பரவி உறைந்தது. குளிர்ந்த போது சுருங்கியது. சுருங்கியதால் மேலிருந்து கீழாக வெடித்தது. ஆகவே தூண்தூணாக, கழிவேலி போலவே காட்சி தருகிறது. சாலைக்கும் கட்டடத்துக்குமாக இப்பாறையைப் பெருமளவில் வெட்டி எடுத்து வந்தனர். அதைக் காக்க நியூயார்க், நியூ ஜெர்சி மாநிலங்கள் 1900ஆம் ஆண்டில் ஓர் ஆணையம் அமைத்தன. வேலி போன்ற பாறைக்கே ஒரு வேலி தேவைப்பட்டது!

பாறை அடுக்குகளுக்கு இடையே இப்படிப் பரவி உறைந்த பாறைக்குச் ‘சில்’ என்று பெயர். வட இங்கிலாந்தில் சுரங்கத் தொழிலாளரும் கல் உடைப்போரும் வழங்கிய சொல் அது. அங்குள்ள ‘வின் சில்’ என்னும் கரும்பாறையின் விளிம்பு ஓரிடத்தில் வடக்கு நோக்கிச் செங்குத்தாக நிற்கிறது. கி.பி. 122இல் ரோமானியர் கட்டத் தொடங்கிய ஹேட்ரியன் சுவர் இவ்விளிம்பின் மேலேயே செல்கிறது. மற்ற இடங்களில் சுவரின் வடபுறம் அகழி வெட்டிய ரோமானியர், இப்பாறைமுகம் உள்ள பகுதியில் வெட்டவில்லை. இயற்கை அமைத்த அரண் இருக்க, அகழி எதற்கு?

பள்ளமும் மேடும்

நாம் அகழ்ந்ததை அகழி என்கிறோம். ஆங்கிலத்தின் ‘மோட்’ முதலில் பள்ளத்தைக் குறிக்கவில்லை. மேட்டைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல் அது. தோண்டிய மண் எங்கும் மறைந்து விடாது, அருகே மேடாகும். இரண்டு மீட்டர் தோண்டி, மண்ணை இரண்டு மீட்டர் உயர்த்தினால் எதிரி நான்கு மீட்டர் ஏற வேண்டும். பள்ளமும் மேடும் ஒரே வேலையின் இரு பக்கங்கள். ஆகவே பெயர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியது.

முடிவாக ஒரு சொல். செங்குத்தான வீழ்ச்சியைக் குறிக்கும் ‘பிரெசிபிஸ்’, ‘தலைகுப்புற’ என்று பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது. வேதியியல் கூடத்தில் சோதனைக் குழாயின் அடியில் விழும் வீழ்படிவையும் ஆங்கிலத்தில் ‘பிரெசிபிடேட்’ என்கிறோம். இரண்டும் ஒரே குடும்பம்.

பார்த்தீர்களா? ஆங்கிலமும் இச்சொற்களை இத்தாலியரிடமும் பிரெஞ்சுக்காரரிடமும் தன் நாட்டுக் கல்லுடைக்கும் தொழிலாளரிடமும் கேட்டு வாங்கிக் கொண்டதுதான். அவற்றைக் கண்டு நாம் அஞ்சுவானேன்?

இனி உங்கள் வேலை. மணல், அரிசி, உப்பு ஆகியவற்றைத் தனித்தனியே குவித்து, ஒவ்வொன்றின் உயரத்தையும் அடிவட்டத்தின் ஆரத்தையும் அளந்து கொள்ளுங்கள். உயரத்தை ஆரத்தால் வகுத்தால் கிடைப்பது ஓய்வுக் கோணத்தின் தொடுகோட்டு மதிப்பு. எது மிகவும் செங்குத்தாக நிற்கிறது? காரணம் என்ன? எண்ணிப் பாருங்கள்.