விதையும் வயலும்

உயரமாக வளரும் பழைய நெல் ரகத்துக்கு யூரியாவை அள்ளிப் போட்டால் பயிர் சாய்ந்துவிடும். தஞ்சை விவசாயி யாரைக் கேட்டாலும் சொல்வார். அதே உரத்தைக் குட்டை ரகத்துக்கு இட்டால் அது நிமிர்ந்து நிற்கும். பயிரைச் சாய்த்தது விதையா, உரமா? மார்பகப் புற்றுநோயிலும் இக்கேள்வி எழுகிறது.

முதலில் விதை. நம் உயிரணுக்களில் பழுதுபடும் டி.என்.ஏ.வைச் சீர்செய்யும் ஜீன்களில் இரண்டு, பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2 என்பவை. முதலாவது 17-ஆம் குரோமோசோமில் இருப்பதை 1990-இல் அமெரிக்க விஞ்ஞானி மேரி கிளேர் கிங் காட்டினார். இவற்றுள் ஒன்று பழுதாகவே பிறந்த பெண்களில் பாதிப் பேருக்கு மேல் வாழ்நாளில் இந்நோய் வரக்கூடும். தாய்வழியில்தான் வரும் என்று எண்ணாதீர்கள்; தந்தையிடம் இப்பழுது இருந்தாலும் பிள்ளைக்கு வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஆனால் நோய் கண்ட நூறு பேரில் 5 முதல் 10 பேருக்கே இவ்வாறு மரபால் வருகிறது.

மற்றவர்களுக்கு? இங்கேதான் வயலைப் பார்க்கவேண்டும். உடற்கொழுப்பு சும்மா கிடக்கும் மூட்டை அன்று. அது ஒரு சிறு தொழிற்சாலை. மாதவிடாய் நின்றபின் சூலகம் ஈஸ்ட்ரோஜன் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. அப்போது கொழுப்புத் திசுவிலுள்ள அரோமடேஸ் என்னும் என்சைம், வேறு ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. கொழுப்பு மிகுந்தால் ஈஸ்ட்ரோஜனும் மிகும். அது மார்பக உயிரணுக்களைப் பிரியத் தூண்டும். பிரிதல் மிகுந்தால் பிழைகளும் மிகும். எடையால் ஆபத்து கூடுவது அந்த வயதில்தான். வகுப்பில் பருமனான தோழியைக் கேலிசெய்ய இதில் இடமே இல்லை!

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் எடை மிகுந்தவர்கள். காவிரிப் படுகையில் நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்து, குனிந்து நிமிரும் வேலை குறைகிறது.

மெலிந்தவர்களுக்கும், குடும்பத்தில் எவருக்கும் நோய் இல்லாதவர்களுக்கும்கூட இது வருவதுண்டு. தொடக்கத்தில் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. "வலிதான் இல்லையே" என்று அம்மாவோ அத்தையோ வெட்கப்பட்டு மறைத்தால், தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உடனே அழைத்துச் செல்லச் சொல்லுங்கள். குடும்பத்தில் இளவயதிலேயே இருவர் மூவருக்கு வந்திருந்தால் ஜீன் சோதனை வேண்டுமா என்பதையும் அந்த மருத்துவரிடமே கேட்கலாம். அப்போது அப்பா வழி உறவினரையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.