மனநோயுற்றோர்க்குத் துணை யார்?

ஒரு வீட்டில் ஒருவருக்கு மஞ்சள் காமாலை என்று தெரிந்தால் தெருவே வந்து விசாரிக்கிறது. ஒருவர் கீழாநெல்லி பறித்து வருகிறார். மற்றொருவர் கரும்புச்சாறு வாங்கி அனுப்புகிறார். அதே வீட்டில் ஒருவருக்கு மனநோய் என்று தெரிந்துவிட்டால் வருவோர் நின்றுவிடுகின்றனர். வீட்டாரும் சன்னலைச் சாத்திக்கொள்கின்றனர். நோயின் துன்பம் ஒருபுறமிருக்க, தனிமை என்னும் இன்னொரு துன்பமும் அக்குடும்பத்தின்மேல் வந்து அமர்கின்றது. மருத்துவர் முதல் துன்பத்தைக் குறைக்க வல்லவர். இரண்டாவதைக் குறைக்க வல்லவர் யார் என்பதே இக்கட்டுரையில் நாம் காணப்போவது.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். மனநோய் வேறு, அறிவுவளர்ச்சிக் குறை வேறு. பின்னது பிறவியிலோ இளமையிலோ தோன்றி வாழ்நாள் முழுதும் உடன் இருப்பது. மனநோயோ, நன்றாகப் படித்து, வேலைக்குச் சென்று, சிரித்துப் பேசிக்கொண்டிருந்த ஒருவரையும் இடைவழியில் பற்றக்கூடியது. மனச்சோர்வு, மிகுமகிழ்ச்சியும் சோர்வும் மாறிமாறி வரும் இருமுனை நோய், மனச்சிதைவு நோய் எனப் பல வகைகள் உண்டு. இவற்றுள் மனச்சிதைவு பெரும்பாலும் பதினெட்டு முதல் முப்பது வயதுக்குள் தலைகாட்டுகிறது. இல்லாத குரல் காதில் கேட்கும். அண்டை வீட்டார் தனக்கு எதிராகச் சதி செய்வதாகத் தோன்றும். குளிக்கவும் உடுத்தவும் மனம் எழாது. மூளையின் வேதியியல் மாற்றம், பரம்பரை, வாழ்க்கையின் நெருக்கடி ஆகியவை கலந்து இந்நோய்க்குக் காரணமாகின்றன. பேயும் செய்வினையும் காரணமல்ல. தாயின் வளர்ப்பும் காரணமல்ல. 'நான் சரியாக வளர்க்கவில்லையோ?' என்று கண்ணீர் விடும் அன்னையர் எத்தனையோ பேர் இருப்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1952 ஆம் ஆண்டு பிரெஞ்சு நாட்டில் குளோர்புரோமசின் என்னும் மருந்து மனநோயாளருக்கு முதன்முதல் கொடுக்கப்பட்டது. அதன்பின் ஆண்டாண்டாய்ப் பூட்டிய அறைக்குள் கிடந்தவர்கள் வெளியே வரக்கூடும் என்ற நிலை உண்டாயிற்று. ஆனால் வெளியே வந்தவர் எங்கே போவது? மருந்து, குரலை அடக்கும். வேலை தேடித் தருமா? திருமண வீட்டிற்கு அழைப்பிதழ் கொண்டு வருமா? 'மாத்திரை ஒழுங்காகப் போட்டாயா?' என்று அன்போடு கேட்குமா? இவையெல்லாம் மனிதர் செய்ய வேண்டியவை அன்றோ!

சென்னையில் மனநோயாளருக்கான காப்பகம் 1794 இலேயே தோன்றிவிட்டது. அது 1871 இல் கீழ்ப்பாக்கத்திற்கு மாறியது. அன்று முதல் அந்த ஊர்ப்பெயரே ஒரு வசைச்சொல்லாகிவிட்டது. 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று நம் வகுப்பறைகளிலும் விளையாட்டாகச் சொல்லக் கேட்கிறோம். அந்த விளையாட்டுப் பேச்சைக் கேட்கும் தோழியின் அண்ணன் அங்கே சிகிச்சை பெறுபவனாக இருந்தால், அவள் நம்மிடம் அதை என்றாவது சொல்வாளா? நிச்சயமாகச் சொல்லமாட்டாள். பேச்சுவாக்கில் வரும் ஒரு சொல்லே ஒரு குடும்பத்தின் வாயை அடைத்துவிடுகிறது.

அந்த மருத்துவமனையை 1961 முதல் 1978 வரை தலைமை ஏற்று நடத்தியவர் ஒரு பெண்மணி என்பதை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். அவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படுபவர். ஓய்வு பெற்றபின் வீட்டில் அமர்ந்துவிடாமல், 1984 இல் சென்னையில் 'ஸ்கார்ஃப்' என்னும் மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். சிகிச்சை, ஆராய்ச்சி, மறுவாழ்வுப் பயிற்சி மூன்றும் அங்கு நடைபெறுகின்றன. 1992 இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர், 98 ஆம் வயதில், 2021 டிசம்பரில் மறைந்தார்.

அவர் செய்த இன்னொரு பணியே நம் பொருளுக்கு மிக அண்மையானது. மனநோயாளரின் பெற்றோரைத் தனித்தனியே கேட்டால், செல்வரும் ஏழையரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: 'எனக்குப் பின் இந்தப் பிள்ளையை யார் பார்ப்பார்?' எழுபது வயதுத் தாய், நாற்பது வயது மகனுக்குச் சோறு பிசைந்து, மாத்திரையை எண்ணிக் கொடுத்துவிட்டு, இரவில் தூங்காமல் நினைப்பது இதைத்தான். இக்கேள்வியைத் தனித்தனியே சுமந்தவர்களை ஒன்றாக அமரவைக்க 1989 இல் 'ஆஷா' என்னும் குடும்பத்தார் சங்கம் சென்னையில் உருவானது. அதற்குத் துணை நின்றவரும் சாரதா மேனனே. குடும்பத்தாரே கூடித் தம் பிள்ளைகளுக்குத் தங்குமிடம், வேலை ஆகியவற்றிற்கு வழி தேடுவது அதன் நோக்கம். மருத்துவர் பேச நோயாளியின் தாய் கேட்டுக்கொண்டிருந்த நிலை மாறி, தாய் பேச மற்றவர் கேட்கும் நிலை இத்தகைய சங்கங்களால் ஏற்பட்டது எனலாம்.

குடும்பத்தின் அருமையை நம் நாட்டு மருத்துவர்கள் சிலர் முன்பே உணர்ந்திருந்தனர். 1950களில் அமிர்தசரஸ் மனநோய் மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளின் உறவினரையும் மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் அடித்துத் தங்கவைத்தார். அதே காலத்தில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவை உருவாக்கிய டாக்டர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ் அம்மையாரும் குடும்பத்தாரை நோயாளியுடன் இருக்கச் செய்தார். தாயோ கணவனோ உடன் தங்கி, நோயைப் பற்றிக் கற்றுக்கொண்டு, வீடு திரும்புவர். உறவினரை வாயிலில் நிறுத்திவிட்டு நோயாளியை மட்டும் உள்ளே அழைத்துக்கொள்ளும் வழக்கமே மேல்நாடுகளில் பெரிதும் நிலவிய காலம் அது. நாம் பெருமையுடன் நினைக்கத்தக்க செய்தி இது.

குடும்பம் இல்லாதவர் நிலை என்ன? இதற்கு விடை காண பெல்ஜியம் நாட்டிலுள்ள கேல் என்னும் சிற்றூருக்குச் செல்வோம். ஏழாம் நூற்றாண்டில் அயர்லாந்து இளவரசி டிம்ப்னா, மனம் பிறழ்ந்த தன் தந்தையிடமிருந்து தப்பி அவ்வூருக்கு வந்து, அங்கேயே அவன் வாளுக்கு இரையானாள் என்பது மரபுவழிக் கதை. மனநோயுற்றோரின் பாதுகாவலியாக அவளைத் திருச்சபை வணங்குகிறது. அவளுடைய கோயிலுக்கு நோயாளிகளை அழைத்து வந்தவர்கள் பெருகப் பெருகக் கோயிலில் இடம் போதவில்லை. ஊரார் தத்தம் வீடுகளில் அவர்களைத் தங்கவைத்தனர். வந்தவர்களுள் பலர் அங்கேயே தங்கிவிட்டனர். அவர்களை நோயாளி என்று அழைக்காமல் 'வீட்டில் தங்குபவர்' என்றே அவ்வூரார் அழைத்தனர். அவர்கள் வயலில் உதவினர்; குழந்தைகளைத் தொட்டிலாட்டினர்; அதே மேசையில் உணவருந்தினர். 1930களின் இறுதியில் அச்சிற்றூரில் இவ்வாறு தங்கியவர்கள் 3,500 பேருக்கும் மேல். 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து அரசின் மருத்துவக் கண்காணிப்பும் இதற்கு உண்டு.

கேல் மக்கள் எல்லாரும் புனிதர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். வீட்டுக்காரர்களுக்கு இதற்குப் பணம் உண்டு; வேலைக்கு ஆளும் கிடைத்தது. ஆயினும், தலைமுறை தலைமுறையாக இத்தகையோருடன் வளர்ந்த குழந்தைகளுக்கு அவர்களைக் கண்டு அச்சம் இல்லாமற் போயிற்று. கூடத்தில் தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பவரைப் பார்த்து அவ்வூர்ச் சிறுமி ஓடி ஒளிவதில்லை. இன்று அந்த எண்ணிக்கை சில நூறுக்குள் சுருங்கிவிட்டது. வேளாண்மை குறைந்து, பெண்களும் வேலைக்குச் செல்லும் காலத்தில் அது இயல்பே. எனினும் இவ்வழக்கம் மனிதகுலத்தின் பாதுகாக்கத்தக்க நல்வழக்கம் என்று 2023 இல் யுனெஸ்கோ பதிவு செய்துள்ளது.

வழிபாட்டுத் தலத்தை நாடி மனநோயாளரை அழைத்துச் செல்லும் வழக்கம் நம் நாட்டிலும் எல்லாச் சமயத்தாரிடமும் உண்டு. ஆனால் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6 ஆம் நாள் நடந்ததை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. அங்கிருந்த தனியார் காப்பகம் ஒன்றில் விடியற்காலையில் தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். ஓட வழியின்றி 28 பேர் மாண்டனர். தலத்தின்மேல் பழி கூறுவது தகாது. ஊரிலே மருத்துவமும் இல்லை, தெருவிலே துணையும் இல்லை என்ற நிலையில்தான் பலர் தம் மக்களை அத்தகைய காப்பகங்களில் விட்டுவிட்டு வந்தனர். உச்ச நீதிமன்றம் தானாகவே அவ்வழக்கை எடுத்துக்கொண்டது. அதுபோன்ற காப்பகங்கள் மூடப்பட்டன.

1912 ஆம் ஆண்டுச் சட்டம் மனநோயாளரை அடைத்து வைப்பதையே பெரிதாகக் கருதியது. 1987 இல் வேறு சட்டம் வந்தது. இப்போது நடைமுறையில் உள்ள மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017 இல் நிறைவேறி, 2018 இல் செயலுக்கு வந்தது. யாரையும் எவ்வகையிலும் சங்கிலியால் பிணைத்தல் கூடாது என்று இச்சட்டம் கூறுகிறது. குடும்பம் கைவிட்டது என்ற ஒரே காரணத்திற்காக ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருத்தல் ஆகாது. சமூகத்தில் வாழ அவருக்கு உரிமை உண்டு. நோய் தணிந்திருக்கும்போதே, 'பிற்காலத்தில் எனக்கு இவ்வாறு சிகிச்சை செய்யுங்கள், இவ்வாறு செய்யாதீர்கள்' என்று எழுதிவைக்கவும் அவருக்கு உரிமையுண்டு. மனநோயாளருக்கும் ஒரு சொல் உண்டு, அதைக் கேட்க வேண்டும் என்று சட்டமே ஏற்றுக்கொண்டது சிறிய செய்தியன்று.

பெண்களாகிய நமக்கு இதில் தனியே சிந்திக்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. 'கால்கட்டுப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்' என்று சொல்லி, நோயை மறைத்துத் திருமணம் செய்விப்பது நம்மிடையே சாதாரணமாக நடக்கிறது. திருமணத்திற்கு முன் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். நோய் திரும்பும். ஆணுக்கு நோய் வந்தால் மனைவி பெரும்பாலும் உடனிருந்து பார்க்கிறாள். பெண்ணுக்கு வந்தால் அவள் பிறந்த வீட்டிற்கு அனுப்பப்படுகிறாள். அவ்வாறு கணவரால் கைவிடப்பட்ட சுமார் 75 பெண்களைப் பற்றி ஸ்கார்ஃப் நிறுவனத்தார் ஆராய்ந்து 2003 இல் வெளியிட்டனர். நோயினால் வந்த இழிவைவிட, வாழாவெட்டி என்ற இழிவே தங்களை மிகுதியும் வருத்துகிறது என்று அப்பெண்களும் அவர்கள் குடும்பத்தாரும் உணர்ந்ததை அவ்வாய்வு காட்டுகிறது. என்றாவது அழைத்துப் போக வருவார் என்று தாலியைக் கழற்றாமல் காத்திருந்தவர்களும் அவர்களுள் உண்டு. இந்தச் சுமையை அவள் தலையில் ஏற்றியது நோயா, நாமா?

வீதியில் திரியும் மனநோயுற்ற பெண்களின் நிலை இன்னும் கொடிது. இருபது வயதைச் சற்றே கடந்த இரு தோழியர், வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயக்குமார் என்போர், 1993 இல் சென்னையில் 'தி பேனியன்' என்னும் இல்லத்தை அவர்களுக்காகத் தொடங்கினர். குணமானவர்களை ஊரைக் கண்டுபிடித்து வீட்டில் சேர்ப்பது அவர்களது வழக்கம். வீடே இல்லாதவர்க்கும், வீட்டார் ஏற்காதவர்க்கும் என்ன செய்வது? 2015 முதல், நான்கைந்து பேராகச் சேர்ந்து சாதாரணத் தெருவில் வாடகை வீடு எடுத்து வாழும் முறையை ஏற்படுத்தினர். உதவிக்கு ஒருவர் உடனிருப்பார். சமைப்பது, காய்கறி வாங்குவது, வாசலில் கோலமிடுவது எல்லாம் அவர்கள் பொறுப்பே. கேல் நகரத்தார் அந்நியரைத் தம் வீட்டில் ஏற்றனர். இங்கோ தெருவே ஏற்க வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றையும் அமைப்புகளிடமே விட்டுவிடலாமா? இதற்கு விடை கூறும் ஆய்வு ஒன்று உண்டு. தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரம் ஆகிய மூன்று இடங்களில் மனச்சிதைவு நோயாளர் 282 பேரைக் கொண்டு அது நடத்தப்பட்டு, 2014 இல் வெளியாயிற்று. ஒரு சாராருக்கு மருத்துவமனைச் சிகிச்சை மட்டும். மற்றொரு சாராருக்கு அதனுடன், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர் வீட்டிற்கே வந்து செய்யும் உதவியும் கிடைத்தது. பின்னவரின் நோய்க்குறிகளும் இயலாமையும் ஓரளவு கூடுதலாகக் குறைந்தன; தமிழ்நாட்டுக் கிராமங்களில் இப்பலன் நன்கு தெரிந்தது. ஆனால் பிறர் காட்டும் வேறுபாடும் இகழ்ச்சியும் மட்டும் அதனால் குறையவில்லை. வீட்டிற்கு வந்து போகும் பணியாளரால் அடுத்த வீட்டாரின் நாவை எப்படி மாற்ற முடியும்?

இங்கேதான் நம் வேலை தொடங்குகிறது. உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருந்தால், மற்ற வீடுகளுக்குச் செல்வதுபோல அங்கும் செல்லுங்கள். பொங்கலன்று தட்டு அனுப்புங்கள். அவரைப் பற்றி அவர் முன்னிலையிலேயே மூன்றாம் மனிதரைப்போலப் பேசாதீர்கள். பெயர் சொல்லி அழைத்து அவரிடமே பேசுங்கள். கேட்கும் குரல் பொய் என்று வாதாடுவதும் வேண்டாம், மெய்யென்று ஒத்துக்கொள்வதும் வேண்டாம். 'உங்களுக்குக் கேட்கிறது, எனக்குக் கேட்கவில்லை, பயமாக இருக்கிறதா?' என்று கேட்டால் போதும். சில நாளாகத் தூக்கமில்லை, மாத்திரை வேண்டாம் என்கிறார், தனித்து ஒதுங்குகிறார் என்று அந்த அம்மாள் சொன்னால், நோய் திரும்பும் அறிகுறியாக அது இருக்கலாம். விரைந்து மருத்துவரிடம் செல்லத் துணை போங்கள். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு; மருந்தும் இலவசம். ஊனத்தின் அளவு 40 சதவீதத்திற்குக் குறையாதிருப்பின், மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கும் மனநோயாளர் உரியவர். அந்த விண்ணப்பத்தை நிரப்பித் தருவதற்குப் பத்தாம் வகுப்புப் படிப்பே போதுமானது.

உங்களுக்கோ உங்கள் தோழிக்கோ மனம் தாங்காத துயரம் ஏற்பட்டால், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' தொலைபேசி எண் 14416 இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது. தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.