மணிக்கூட்டில் இடைச்செருகல்

வேண்டும்போது தொடங்கி வேண்டும்போது நிறுத்திக் காலத்தை அளக்கும் விசையமைந்த கைமணிக்கூட்டைக் குறோனோகிராப் என்பர். ஒமேகா நிறுவனத்தார் 1957ஆம் ஆண்டில் வெளியிட்ட முதல் ஸ்பீட்மாஸ்ரர் அவற்றுள் ஒன்று. அம்புமுனை போன்று அகன்ற மணிமுள்ளும், வேக அளவு பொறித்த உருக்கு வளையமும் அதன் அடையாளங்கள்.

ஏட்டுச்சுவடியைப் பதிப்பிப்போர் இடைச்செருகலை ஆராய்வதுபோல, இதனைச் சேகரிப்போரும் உறுப்புக்கள் யாவும் ஆதிதொட்டு உடனிருந்தனவோ என ஆராய்தல் வேண்டும். பழுதுபார்த்தவர் முள்ளை மாற்றியிருக்கலாம். முகப்புக்குப் புதுமை பூசியிருக்கலாம். அவர்மேற் குற்றமில்லை, மணிக்கூட்டை ஓடச்செய்வதன்றோ அவர் தொழில்! இயந்திரத்தின் எண்ணை நிறுவனப் பதிவேட்டோடு ஒப்பிடுவர். ஆயின், முள் எங்கிருந்து வந்ததென்பதை அவ்வெண் கூறாது.

வஞ்சகம் நுழைவது இவ்விடத்தேதான். 2021 நவம்பரில் ஜெனீவாவில் நடந்த ஏலத்தில் அம்முதல் வகை மணிக்கூடொன்று 31 இலட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் விலைபோயிற்று. கரிய முகப்புக் காலத்தாற் கபிலநிறம் எய்தியிருந்தமையைக் கண்டோர் வியந்தனர். தமது அரும்பொருட்சாலைக்கென அதனை வாங்கியோர் ஒமேகா நிறுவனத்தாரே. 2023இல், அது வெவ்வேறு உறுப்புக்களைக் கூட்டிச் சமைத்த பொருளென்றும், தம் முன்னாள் ஊழியர் மூவர் அதற்கு உடந்தையாயினரென்றும் அவர்களே அறிவித்தனர்.