குருத்தெலும்பு வளர்க்கும் கலை

ஆலங்காயம், வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கங்களிலிருந்து வரும் நம் மாணவர் பலர் ஆவாரம்பட்டையைக் கொண்டு தோல் பதனிடும் முறையை அறிவர். தோலுக்கு உறுதி தருவது கொல்லஜன் என்னும் நார்ப்புரதம். பட்டையின் துவர்ப்பொருள் அந்நாரைப் பற்றிக்கொள்வதாலேயே தோல் அழுகாது நிற்கின்றது. அந்நாரின் முப்புரி அமைப்பைச் சென்னைச் சர்வகலாசாலையில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கார்த்தாவும் 1954-ல் விளக்கினர். அதற்கு இனமான மற்றொரு கொல்லஜனே நம் முழங்காற் குருத்தெலும்பிற்கு ஆதாரமாகும்.

தோலிற் பட்ட காயம் சில நாளில் ஆறுகின்றது. தேய்ந்த குருத்தெலும்போ தானே ஆறுவதில்லை. காரணம் யாதெனில், அதிற் குருதிக்குழாய்கள் இல்லை; உயிரணுக்களும் மிகச் சிலவே. அழிந்த குருத்தெலும்பு மீள்வதில்லை என்பதை லண்டனில் வில்லியம் ஹண்டர் 1743-லேயே எடுத்துரைத்தார்.

அணுக்கள் தாமே செல்லமாட்டாத இடத்திற்கு நாம் அவற்றைக் கொண்டு சேர்த்தால் என்ன? சுவீடன் தேசத்து வைத்தியர் நோயாளியின் குருத்தெலும்பினின்றே அணுக்களை எடுத்து, வெளியே பெருக்கி, பழுதுற்ற இடத்தில் வைத்தனர். 23 பேரிடத்துக் கண்ட பயனை 1994-ல் வெளியிட்டனர். ஆயின் ஒரு குறை உண்டு. கண்ணாடித் தட்டிற் பெருகுங்கால் அவ்வணுக்கள் தம் இயல்பை மறந்து, தோலிலுள்ள நாரையே நெய்யத் தொடங்குகின்றன. எலும்பு மஜ்ஜையிலுள்ள ஸ்டெம் செல் என்னும் மூலவணுக்களோ எளிதிற் பெருகும். எனினும் குருத்தெலும்பாகிய பின் அந்நிலையில் நில்லாது எலும்பாக முற்படும். ஆகவே, அணுக்களைப் பெருக்குவதினும் அவற்றைத் தம் நிலையில் நிறுத்துவதே அரிது.

இவ்வருமையை வெல்லும் முயற்சி நமக்கு அண்மையிலும் நடைபெறுகின்றது. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் வளாகத்தில் 2005-ல் மூலவணு ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. குருத்தெலும்பிலேயே உறையும் முன்னோடி அணுக்களை வேலூர் ஆராய்ச்சியாளர் ஆய்ந்து கட்டுரைகள் வெளியிட்டுள்ளனர்.

நண்பர்காள்! முழங்கால் வலியால் வருந்தும் பெற்றோர் நம்மிற் பலருக்கு உளர். ‘ஓர் ஊசியால் குருத்தெலும்பு புதிதாய் வளரும்’ என்று எவரேனும் கூறிப் பெருந்தொகை கேட்பின், அரசினரின் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி அம்முறைக்கு அனுமதி அளித்துள்ளாரா என முதலில் வினவுங்கள். அனுமதி பெறாத மூலவணுச் சிகிச்சையை ஒழுங்கான ஆராய்ச்சிக்குப் புறம்பே செய்யலாகாது என்பது 2017-ஆம் ஆண்டின் தேசிய நெறிமுறை. அணுவை அதன் நிலையில் நிறுத்த அறிஞர் இத்துணைக் காலம் பொறுமையுடன் உழைக்கின்றனர். அதனை அறிந்த நாம் அவசர வாக்குறுதிக்கு வீட்டாரின் சேமிப்பைப் பறிகொடுத்தல் தகுமோ?