நித்திரையும் மலைப்பாதையும்

அனுமந்தன்பட்டி,
கார்த்திகை மாதம்.

சிரஞ்சீவி மருமகனுக்கு உன் தாய்மாமன் அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் க்ஷேமம். அவ்விடத்து க்ஷேமத்தைப் பற்றித்தான் எனக்கு இப்போது விசாரம்.

புதுப்பட்டியைத் தாண்டினால் வந்துவிடுகிற கம்பத்தில் இருப்பவனுக்குத் தபால் எழுதுவானேன், போனில் பேசினால் ஆகாதா என்று நீ கேட்பாய். போனில் பேசினால் "சரி மாமா, சரி மாமா" என்று இரண்டு தரம் சொல்லி, மூன்றாம் தரம் நான் வாய் திறப்பதற்குள் யாரோ பார்ட்டி வண்டிக்குக் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அவ்விதம் வைத்துவிட முடியாது.

உன் அம்மா நேற்று வந்திருந்தாள். வந்த காரியம் வேறு என்பதுபோல வெகுநேரம் பேசியிருந்துவிட்டு, புறப்படும்போது வாசற்படியில் நின்றுகொண்டு, சபரிமலைக்கு முதல் நடை போய்த் திரும்பிய அன்று பிசைந்த சோற்றில் கை இருக்க நீ அப்படியே கண்ணயர்ந்துவிட்டதையும், தட்டி எழுப்பியதும் கையைக்கூடக் கழுவாமல் வண்டிச் சாவியைத் தேடியதையும் சிரிப்புப்போலச் சொன்னாள். கூடலூருக்கு இப்பால் உன் வண்டியின் இடப்பக்கச் சக்கரம் தாரை விட்டு மண்ணில் இறங்கியதும், பின்னால் இருந்த சாமிமார் போட்ட கூச்சலில் நீ விழித்துக்கொண்டதும் அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். யார் சொன்னார்கள் என்று விசாரித்துக்கொண்டு திரியாதே. இதைச் சிரித்து மழுப்பிவிடலாம் என்றும் எண்ணாதே.

நீ பயப்பட வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். கொஞ்சம் பயப்படத்தான் வேண்டும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு வினாடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. மூன்று வினாடி இமை மூடினால் 33 மீட்டர் தூரம் அந்த வண்டிக்கு டிரைவர் இல்லை. லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி வரையில் 33 மீட்டர் நேராகக் கிடக்கிற இடங்கள் எத்தனை என்பதை, அந்தப் பாதையை வருஷம் முழுவதும் ஏறி இறங்குகிற நீதான் எனக்குச் சொல்ல வேண்டும். 2022 டிசம்பரில் மாலை கழற்றப் போகும் மனநிறைவோடு சபரிமலையிலிருந்து இறங்கிவந்த ஆண்டிபட்டிக்காரர் எட்டுப் பேர், அந்த மலையில்தான், இரவு நேரத்தில், தண்ணீர் கொண்டுபோகும் குழாய்களின் பக்கத்தில் பள்ளத்தில் விழுந்து இறந்தார்கள். அந்த விபத்துக்கு உறக்கம்தான் காரணம் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. நான் சொல்லவும் இல்லை. ஆனால் அன்றைக்கு உன் அம்மா சாப்பிடாமல் இருந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். நீ அன்று வேறு பாதையில் வந்துகொண்டிருந்தாய் என்பது எங்களுக்குப் பொழுது விடிந்த பிறகே தெரிந்தது.

உறக்கமும் ஒரு காரணம் என்று விசாரணை நடத்தி எழுதிவைத்த விபத்து ஒன்று உண்டு. 2010 மே 22ஆம் தேதி விடியற்காலையில் துபாயிலிருந்து வந்த விமானம் மங்களூரில் இறங்கும்போது ஓடுபாதையைக் கடந்து சரிவில் விழுந்து, 158 பேர் மாண்டார்கள். எட்டுப் பேரே பிழைத்தார்கள். விமானிகள் இருக்கும் அறையின் ஒலிப்பதிவுக் கருவியைப் பிரித்துக் கேட்டபோது, ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாகத் தலைமை விமானி உறங்கிக்கொண்டிருந்ததும், குறட்டைச் சப்தமும் அதில் பதிவாகியிருந்தன. இறங்கும் வேளையில் அவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார் என்பதை நீ கவனிக்க வேண்டும். ஆழ்ந்த நித்திரையிலிருந்து எழுந்தவனுக்குக் கண் திறந்தாலும் புத்தி உடனே திறப்பதில்லை. அந்த மந்தத்தில், 'இறங்காதே, மேலே தூக்கிவிடு' என்று பக்கத்தில் இருந்த துணை விமானி சொன்னதையும் ஏற்காமல் அவர் இறக்கினார். பல்லாயிரம் மணி நேரம் பறந்து தழும்பேறிய மனிதருக்கே அந்தக் கதி என்றால், அனுபவம் இருக்கிறது என்று நீ மார்தட்டுவதில் என்ன அர்த்தம் இருக்கிறது?

தேகத்துக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது என்பது இப்போது கட்டுக்கதை அல்ல. அதன் நுட்பத்தைக் கண்டறிந்த அமெரிக்கர் மூவருக்கு 2017இல் நோபல் பரிசே கொடுத்துவிட்டார்கள். நடுநிசி கடந்து 2 மணியிலிருந்து விடிகிற வரையிலும், மறுபடி பிற்பகலில் 2 மணியிலிருந்து 4 மணி வரையிலும் அந்தக் கடிகாரம் நம்மைப் படு என்று சொல்கிறது. நீயோ, வாடகை கூடுதலாகக் கிடைக்கிறதென்று, சரியாக அந்த நேரத்திலேயே மலை இறங்குகிறாய். ஆஸ்திரேலிய ஆய்வாளர் இருவர் 1997இல் சோதித்துப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்: 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவனுடைய கையும் கண்ணும், இரத்தத்தில் 100 மில்லி லிட்டருக்கு 50 மில்லிகிராம் மது ஏறியவனுடைய கையும் கண்ணும் போலவே தடுமாறுகின்றன. நமது சட்டம் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே குற்றம் என்கிறது. நீ வாழ்நாளில் ஒரு சொட்டு மதுவைத் தொட்டவன் அல்லன். அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்பது உனக்கே தெரியும். ஆயினும் விரத மாலையும் நெற்றியில் சந்தனமுமாக, குடித்தவனுக்குச் சமானமாக நீ சக்கரம் பிடிக்கிறாய். ஊதச் சொல்லி நிற்கிற போலீஸ்காரருக்கு மட்டும் அது தெரியப்போவதில்லை.

மோட்டார்த் தொழிலாளரை நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, நெடுவழியானாலும் பத்துக்கு மேல் ஆகாது, ஐந்து மணி நேரத்துக்குள் அரை மணியாவது ஓய்வு கொடுத்தாக வேண்டும் என்று 1961இலேயே சட்டம் செய்தார்கள். நீயே முதலாளி, நீயே தொழிலாளி. ஆகவே உன் பேரில் புகார் கொடுக்க ஆளில்லை. அதனால்தான் நான் எழுதுகிறேன்.

டீ குடித்தால் தீர்ந்துவிடும் என்பது உங்கள் கூட்டத்தின் வேதம். விழித்திருக்கும் ஒவ்வொரு நாழிகைக்கும் அடினோசின் என்ற ஒரு பொருள் மூளையில் சேர்ந்துகொண்டே போய்ச் சோர்வை உண்டாக்குகிறது. டீயிலுள்ள காஃபீன் அந்தப் பொருளை அகற்றுவதில்லை, அது போய் அமர வேண்டிய இடத்தில் தான் முந்திக்கொண்டு அமர்கிறது. சேர்ந்த சோர்வு சேர்ந்தபடியே இருக்கிறது. மேலும், குடித்த காஃபீனில் ஏறக்குறையப் பாதி, ஐந்தாறு மணி நேரம் கழித்தும் இரத்தத்தில் இருப்பதால், வீட்டுக்கு வந்து படுக்கிற வேளையில் அது உன்னைப் புரட்டி எடுக்கும். உதட்டுக்குள் அடக்கிக்கொள்கிற புகையிலையும் இதே ஜாதிதான். அதைப் பற்றி உன் அம்மாவிடம் நான் சொல்லவில்லை; சொல்ல வைத்துவிடாதே.

சரி, என்ன செய்யலாம்? தூக்கம் வருகிறது என்று தெரிந்த மாத்திரத்தில், வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடமாகப் பார்த்து வண்டியை ஓரங்கட்டு. ஒரு டீயைக் குடித்துவிட்டு, இருபது நிமிஷம் படு. டீ வேலை செய்யத் தொடங்க ஏறக்குறைய அவ்வளவு நேரமாகும். ஆகையால் இரண்டும் சேர்ந்து வரும். எழுந்தவுடன் சாவியைத் திருகாதே. முகம் கழுவி, நாலடி நடந்து, கால் மணி கழித்தே எடு. மங்களூர் உனக்கு ஞாபகம் இருக்கட்டும். இரவு நடை ஒப்புக்கொண்டால் இன்னொரு டிரைவரும் கூட வரட்டும். அவனுக்குக் கொடுக்கிற பேட்டா நஷ்டம் அல்ல. கம்பம்மெட்டு வழியாக ஏற்றிவிட்டுக் குமுளி வழியாக இறக்குகிற சீசன் ஒருவழிப் பாதையில், பின்னால் ஹாரன் அடிக்கிறவனுக்காக ஓட்டாதே.

வீட்டில் உறங்கும் விதமும் உனக்கு மறந்துபோயிருக்கிறது. பகலில் உறங்க வேண்டிய தொழிலாகிவிட்டால் ஜன்னலுக்குக் கெட்டித் துணி போட்டு அறையை இருட்டாக்கு. போனை அடுத்த அறையில் வை. கூப்பிடுகிற பார்ட்டிக்கு உன் தம்பி பதில் சொல்லட்டும். நடை இல்லாத நாட்களில் ஒரே நேரத்தில் படுத்து ஒரே நேரத்தில் எழு. காலை வெயில் முகத்தில் படும்படி, வாய்க்கால் கரையில் அரை மணி நட. இரவு ஆகாரத்தைக் குறைத்து, படுக்கைக்கு இரண்டு மணி முன்பே முடித்துக்கொள். புதனும் சனியும் எண்ணெய் தேய்த்துக்கொள்வதை உன் தாத்தா சாகிறவரை விடவில்லை. அவர் படுத்தால் இடி இடித்தாலும் எழமாட்டார் என்பது குடும்பப் பிரசித்தம். பாலில் ஒரு சிட்டிகை சாதிக்காய்த்தூள் போட்டு உன் அம்மா தருவாள். சிட்டிகைக்கு மேல் வேண்டாம், வண்டி எடுக்கிற நாளில் அதுவும் வேண்டாம். மருந்துக் கடையில் நீயாகக் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்கினாய் என்று கேள்விப்பட்டால் நான் நேரில் வருவேன். இவ்வளவும் செய்து, எட்டு மணி நேரம் படுத்தும் அசதி போகவில்லையானால், அல்லது குறட்டையின் நடுவில் உனக்கு மூச்சு நின்று திணறுகிறது என்று உன் வீட்டுக்காரி சொன்னால், அது நாட்டு வைத்தியத்துக்கு அடங்காத வியாதி, க.விலக்கு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காது, மூக்கு, தொண்டை டாக்டரைப் பார்த்துவிடு.

பதினான்கு வருஷம் இமை கொட்டாமல் நின்ற இலக்குவனைப் பற்றிப் பள்ளியில் நான் உனக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். மருந்து மலையைத் தேடி ஒரே இரவில் பறந்து திரும்பியவன் பெயரைத்தான் நம்முடைய ஊரும் தாங்கியிருக்கிறது. அவர்களெல்லாம் அவதார புருஷருடைய பரிவாரம். நீ என் தங்கை மகன்.

பழைய கதையைக் கிளறுவது என் நோக்கம் அல்ல. ஆனாலும், வாய்க்கால் ஓரத்து ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சையை விற்று இந்த வண்டியை வாங்க வேண்டாம் என்று உன் அப்பாவிடம் நான் மன்றாடியதை நீ திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதானே இருந்தாய்? அந்த வருஷ ஐப்பசி மழையில் பழம் வெடித்தது உண்மை. வியாபாரி பாதி விலைக்குக் கேட்டதும் உண்மை. ஒரு வருஷம் பழம் வெடித்ததற்காகக் கொடியோடு நிலத்தை விற்பார்களா? 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததாகச் செய்தி வந்த அன்று, பத்திரிகையை மடித்து எடுத்துக்கொண்டுபோய் மச்சானிடம் கொடுத்தேன். அவர் அதை வாசிக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டு, காப்பி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். சாப்பிட்டேன். வேறென்ன செய்வது?

திராட்சையில் ஒரு தர்மம் உண்டு, மருமகனே. அறுப்பு முடிந்ததும் கொடியைச் சும்மா விட்டுவிடுகிறோம். அது இளைப்பாறிய பிறகுதான் கவாத்துச் செய்கிறோம். அப்புறம் ஏறக்குறைய 120 நாளில் பந்தல் முழுக்கக் குலை தொங்குகிறது. ஓய்வு கொடுக்காமல் வெட்டினால் கொடி துளிர்க்கும், ஆனால் காய் பிடிக்காது. கொடிக்குக் கொடுக்கிற நியாயத்தை உன் உடம்புக்கு நீ கொடுக்கவில்லை. தோட்டக்காரன் மட்டும் தூங்குகிறானா, முறைத்தண்ணீர் பாய்ச்ச ராத்திரி எழ வேண்டாமா, மருந்தடிக்க விடியுமுன் போக வேண்டாமா என்று உன் அப்பா கேட்பார். கேட்கட்டும். மண்வெட்டியோடு தூங்கிப்போனால் பாத்தி உடையும். பக்கத்துக் காட்டில் தண்ணீர் போகும். மறுநாள் சண்டை வரும். பன்னிரண்டு பேர் பள்ளத்தில் கிடக்க மாட்டார்கள்.

ஆகவே உன் இஷ்டத்துக்கே விட்டுவிடுகிறேன். வண்டியை வைத்துக்கொண்டு, ஒரு நாளுக்கு ஒரு நடை என்று அளவோடு ஓட்டினாலும் ஓட்டு. அல்லது, என் பங்கில் கிணற்றுக்கு மேற்கே கிடக்கிற முக்கால் ஏக்கரை எடுத்துப் பந்தல் போட்டுக்கொள்வதானாலும் சரி. கல்தூணும் கம்பியும் என்னிடம் இருக்கின்றன, நாற்றுக்கும் சொல்லிவைத்திருக்கிறேன், மார்கழி கழிந்ததும் குழி எடுக்க ஆளுக்கும் பேசியாயிற்று. எதுவானாலும் எனக்குச் சம்மதமே. தீர்மானம் உன்னுடையது.

அதிகம் எழுதிவிட்டேன். உன்னைப் பிடிக்காமல் எழுதியது அல்ல என்பதை நீ அறிவாய். இந்தப் பள்ளத்தாக்கில் உன்னைப்போல் மலை ஏற்றுகிற கை இன்னொன்று இல்லை என்று போன வாரம்கூட உத்தமபாளையத்தில் ஒருவரிடம் நானே சொன்னேன். உன் அத்தை கைமுறுக்கும் எள்ளுருண்டையும் செய்து டப்பாவில் போட்டிருக்கிறாள். ஐந்து கிலோ பழமும் எடுத்து வைத்திருக்கிறது. முன் டயர்கள் இரண்டும் தேய்ந்திருப்பதைப் பார்த்தேன். பணத்துக்குக் கூச்சப்படாமல் கேள், கடனாக வேண்டாம், மாமன் சீர் என்று வைத்துக்கொள். குழந்தைக்கு என் முத்தம். நான் கடிந்து எழுதியதில் எது மனதைப் புண்படுத்தியிருந்தாலும் அதைக் கிழவன் பிதற்றல் என்று தள்ளிவிடு.

வெள்ளிக்கிழமை இரவுக்கு நீ ஒப்புக்கொண்டிருக்கிற இரண்டு நடையில் ஒன்றை மட்டும் வேறு யாருக்காவது கொடுத்துவிடு.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்